ஒரே மாத்திரை, வெவ்வேறு உடல்கள்: ஆர்ச்சிபால்ட் கேரோட்டின் வாழ்வும் கண்டுபிடிப்பும்

இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக ஒரே மாத்திரையை ஒரே அளவில் உட்கொள்ளும் இருவரில், ஒருவருக்குக் கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மற்றவருக்குச் சிறிதளவே குறைகிறது. அரிதாக, மூன்றாவது ஒருவருக்குத் தசைகள் நலிந்து படியேறவும் இயலாத நிலை ஏற்படுகிறது. வயது, உணவு, உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஆனால் இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பிறப்பிலேயே அமைந்த மரபணுக்களால் விளைவது என்பதை மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்டுள்ளது.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர், இம்மாத்திரைகளை அறியாமலே மறைந்தவர். ஸ்டாட்டின் வகை மருந்துகளில் முதலாவது அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு அனுமதி பெற்றபோது, லண்டன் மருத்துவரான சர் ஆர்ச்சிபால்ட் எட்வர்ட் கேரோட் இறந்து 51 ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவ மாணவர்கள் அவரது பெயரை ஓர் அரிய நோயுடன் சேர்த்தே படிக்கின்றனர். அந்த நோயை முன்வைத்து அவர் எழுப்பிய கேள்வி எத்தனை பரந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தந்தையின் நூலிழை

கேரோட் 1857-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவரது தந்தை சர் ஆல்ஃபிரட் பேரிங் கேரோட் புகழ்பெற்ற மருத்துவர். பின்னாளில் விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவராகவும் நியமிக்கப்பட்டவர். கௌட் எனப்படும் மூட்டு நோயால் அவதிப்படுவோரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் எடுத்துக்காட்டியவர் அவரே. நோயாளியின் இரத்த நீரில் சிறிது அமிலம் சேர்த்து அதில் ஒரு நூலிழையை இட்டு வைத்தால், அந்த இழையின் மீது யூரிக் அமிலப் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடக் கருவிகள் அதிகம் இல்லாத காலத்தில் இது வியப்புக்குரிய எளிய சோதனையாக இருந்தது.

உடலில் ஓடும் வேதிப்பொருட்களைக் கொண்டே நோயை அறியலாம் என்ற பாடம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். மார்ல்பரோ கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் பயின்ற அவர், லண்டனின் புனித பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவம் கற்று 1884-இல் தகுதி பெற்றார். அதன்பின் ஒரு குளிர்காலத்தை வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் கழித்தார். 1886-இல் லாரா எலிசபெத் ஸ்மித் என்பவரை மணந்தார். மூன்று ஆண்களும் ஒரு பெண்ணுமாக அவர்களுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தனர்.

அவரது பணி உயர்வு மெதுவாகவே நிகழ்ந்தது. 1892-இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் துணை மருத்துவரானார். தாம் பயின்ற பார்த்தலோமியூவில் முழு மருத்துவர் பதவி கிடைத்தபோது ஆண்டு 1912. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் அவரது முக்கியமான ஆய்வுகள் அனைத்தும் நடந்தேறின. பிற மருத்துவர்கள் பொருட்படுத்தாத ஒன்றை, அதாவது சிறுநீரின் நிறத்தை, அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற உயிர்வேதியியலாளர் ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் இதில் அவரது கூட்டாளியாக இருந்தார்.

கறுத்த துணி

அல்காப்டனூரியா என்ற நிலையில், குழந்தையின் சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுக்கிறது. தாய்மார் முதலில் கவனிப்பது இடுப்புத் துணியில் படியும் கருங்கறையைத்தான். ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருளே இந்தக் கறைக்குக் காரணம் என்பதை 1891-லேயே வேதியியலாளர்கள் கண்டறிந்திருந்தனர். ஆனால் அது குடலில் குடிகொண்ட ஏதோ ஒரு நுண்ணுயிரியின் வேலை என்பதே அன்றைய பொதுவான கருத்து. எங்கும் கிருமிகளையே தேடிக்கொண்டிருந்த காலம் அது.

கேரோட்டுக்கு இதில் ஐயம் இருந்தது. கிருமித் தொற்று என்றால் அது ஒரு நாளில் தொடங்கி வேறொரு நாளில் முடிய வேண்டும். இந்த நிலையோ பிறந்தது முதல் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. அவர் கவனித்துவந்த ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இக்குறை உள்ள பிள்ளைகள் இருந்தனர். 1901 மார்ச் மாதம் அத்தாய்க்கு மீண்டும் ஒரு குழந்தை பிறந்தது. அதன் துணிகளை முதல் மணிநேரத்திலிருந்தே கவனித்துவருமாறு கேரோட் ஏற்பாடு செய்தார். 52 மணி நேரத்திற்குள் கறை தெளிவாகத் தெரிந்தது. கிருமி ஒன்று குடியேறி இத்தனை விரைவில் இவ்வளவு வேலை செய்துவிட முடியாது என்று அவர் முடிவுசெய்தார். இது உடலோடு பிறந்த ஒன்று.

குழந்தையின் பெற்றோர் முதல் நிலை உறவினர்கள், அதாவது உடன்பிறந்தோரின் பிள்ளைகள், என்பதும் தெரியவந்தது. அவர் மேலும் விசாரித்தபோது, இந்நிலையுள்ள குழந்தைகளைக் கொண்ட வேறு சில குடும்பங்களிலும் பெற்றோர் அவ்வாறே உறவினர்களாக இருந்தனர். மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளில் கண்ட மரபு விதிகள் 1900-இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. அவற்றை இங்கிலாந்தில் பரப்பிவந்த வில்லியம் பேட்சன், கேரோட்டின் கண்டறிதலைப் பார்த்ததும், இது மெண்டல் கூறிய ஒடுங்கிய பண்பு என்று சுட்டிக்காட்டினார். தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை, பிள்ளையிடம் இரட்டையாகச் சேரும்போது மட்டுமே வெளிப்படுகிறது. உறவுத் திருமணம் நோயை உண்டாக்குவதில்லை. மறைந்திருக்கும் ஒரே குறை இரு பக்கமும் இருப்பதற்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள தமிழ்ச் சமூகத்திற்கு இந்த விளக்கம் இன்றும் பொருந்துவதே.

வேதியியல் தனித்தன்மை

1902 டிசம்பரில் லான்செட் இதழில் கேரோட் எழுதிய கட்டுரை, மனித நோய் ஒன்றை மெண்டலின் விதிகளோடு இணைத்த முதல் கட்டுரையாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் முக்கியத்துவம் அத்துடன் நிற்கவில்லை. அதன் தலைப்பிலேயே வேதியியல் தனித்தன்மை என்ற சொற்றொடரை அவர் கையாண்டார். ஓர் இனத்தைச் சேர்ந்த இரு உயிர்களின் உருவம் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. அவ்வாறே அவற்றின் உடலுக்குள் நிகழும் வேதி மாற்றங்களும் முற்றிலும் ஒன்றாக இருக்க முடியாது என்பதே அவரது வாதம். அல்காப்டனூரியா போன்றவை கண்ணுக்குப் புலப்படும் எல்லை நிலைகள் மட்டுமே. அவற்றுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாடுகள் எல்லோரிடமும் இருக்கின்றன என்று அவர் கருதினார்.

அந்தச் சிறு வேறுபாடுகளுக்கு எடுத்துக்காட்டாக அவர் குறிப்பிட்டவற்றுள் ஒன்று, மருந்துகளுக்குச் சிலரது உடல் காட்டும் வழக்கத்துக்கு மாறான எதிர்வினை. பெரும்பாலோரைத் தீண்டாத ஓர் அளவு, ஒருவருக்கு நஞ்சாவது ஏன்? அது அவரது பலவீனமோ கற்பனையோ அன்று. அவரது உடலின் வேதியியல் அமைப்பே அப்படிப்பட்டது என்ற விளக்கத்திற்கு அங்கே இடம் பிறந்தது. மருந்துகளும் உடலுக்கு அந்நியமான வேதிப்பொருட்களே. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடலாம் அல்லவா?

1908-இல் அரச மருத்துவர்கள் கல்லூரியில் அவர் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தன. அல்காப்டனூரியா, தோலிலும் முடியிலும் நிறமியற்ற அல்பினிசம், சிஸ்டினூரியா, பென்டோசூரியா ஆகிய நான்கையும் வளர்சிதை மாற்றத்தின் பிறவிப் பிழைகள் என்று அவர் வகைப்படுத்தினார். உணவிலுள்ள புரதம் உடைந்து ஒரு பொருள் மற்றொன்றாக மாறிச் செல்லும் பாதையில், ஒரு நொதி இல்லாமற் போனால் அந்த இடத்தில் தேக்கம் ஏற்படுகிறது. தேங்கிய பொருள் சிறுநீரில் கலந்து வெளிவருகிறது. மரபணு என்ற சொல்கூட வழக்குக்கு வந்திராத நேரத்தில் கூறப்பட்ட விளக்கம் இது.

அல்காப்டனூரியாவைப் பெருந்தீங்கற்ற ஒரு மாறுபாடாகவே அவர் முதலில் பார்த்தார். அது நடுத்தர வயதுக்குப் பின் மூட்டுகளையும் முதுகெலும்பையும் சிதைக்கக்கூடியது என்பது பின்னர் தெளிவாயிற்று. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தினரிடையே இந்நோய் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருப்பதையும், அவர்களிடம் காணப்படும் மரபணு மாற்றம் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கக்கூடியது என்பதையும் காட்டியது. நிடிசினோன் என்ற மருந்து இந்நோய்க்காக ஐரோப்பாவில் அனுமதி பெற்றது 2020-இல்தான்.

போரும் மௌனமும்

கேரோட் 1910-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். முதலாம் உலகப் போரின்போது மால்டா தீவில் பிரிட்டிஷ் படைகளின் ஆலோசக மருத்துவராகப் பணியாற்றினார். 1918-இல் சர் பட்டம் பெற்றார். ஆனால் அந்த ஆண்டுகள் அவரது குடும்பத்தைச் சிதைத்துவிட்டன. ஒரு மகன் 1915-இலும் மற்றொருவர் 1916-இலும் போரில் மாண்டனர். கடைசி மகன் பேசில், போர் ஓய்ந்த பின், ஜெர்மனியின் கொலோன் நகரில் 1919-இல் இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்குப் பலியானார். மரபு வழியாக எது கடத்தப்படுகிறது என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்கு மகள் டோரதி மட்டுமே எஞ்சினார். அவர் தொல்லியலில் பெரும்புகழ் பெற்று, 1939-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியரானார்.

1920-இல் கேரோட் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவத்துறையின் மிக உயரிய பேராசிரியர் பதவியை ஏற்றார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் வில்லியம் ஆஸ்லர். பதவியும் பட்டமும் வந்தனவே தவிர, அவரது கருத்தைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்ய அதிகம் பேர் வரவில்லை. மருத்துவர்களுக்கு அவர் பேசியவை லட்சத்தில் ஒருவருக்கு வரும் விநோத நோய்கள். மரபியலாளர்களோ செடிகளிலும் பழ ஈக்களிலும் கண்ணுக்குத் தெரியும் பண்புகளை எண்ணிக்கொண்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு வேதியியல் தெரியாது. இரு துறைகளுக்கும் நடுவே நின்றவரை இரு துறையினரும் மரியாதையோடு கடந்து சென்றனர்.

1931-இல், எழுபதைத் தாண்டிய வயதில், நோய்களில் பிறவிக் கூறுகள் என்ற பொருளில் அவர் தமது இறுதி நூலை வெளியிட்டார். ஒவ்வொருவரும் சில நோய்களுக்கு எளிதில் ஆட்படுவதும், சிலவற்றை எதிர்த்து நிற்பதும், சில மருந்துகளைத் தாங்கிக்கொள்வதும் அவரவர் வேதியியல் அமைப்பைப் பொறுத்தது என்று அதில் அவர் விரிவாக வாதிட்டார். நூல் பரவலான கவனத்தைப் பெறவில்லை. அது மறுபதிப்புக் கண்டது 1989-இல். கேரோட் 1936 மார்ச் 28 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார்.

சியாட்டிலில் ஒரு தொடர்ச்சி

அவர் விட்டுச்சென்ற இழை அறுந்துவிடவில்லை. பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேஸ்வரில் மறைந்த மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், கேரோட்டின் பணியை மரபியலாளர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். ஒரு மரபணு ஒரு நொதியை ஆள்கிறது என்று ரொட்டிப் பூஞ்சையில் காட்டி 1958-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் பீடில், கேரோட் இதைத் தமக்கு முன்னரே உணர்ந்திருந்ததைத் தமது நோபல் உரையில் ஒப்புக்கொண்டார். அதே 1958-இல்தான் அல்காப்டனூரியா நோயாளியின் ஈரலில் குறிப்பிட்ட நொதி இல்லை என்பது நேரடியாக நிரூபிக்கப்பட்டது. கேரோட் கூறியது சரி என்று உறுதியாக அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

மருந்துகளைப் பற்றி அவர் எழுப்பிய கேள்விக்கு உயிர் கொடுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணியாற்றிய ஆர்னோ மோட்டுல்ஸ்கி. பிரைமாகுவின் என்ற மலேரியா மருந்தை உட்கொண்ட கறுப்பின அமெரிக்கப் படைவீரர்களில் சிலருக்கு மட்டும் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தன. ஒரு நொதிக் குறைபாடே காரணம் என்பது 1956-இல் தெரியவந்தது. இத்தகைய சான்றுகளை ஒன்று திரட்டி, மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினையை மரபு தீர்மானிக்கக்கூடும் என்று மோட்டுல்ஸ்கி 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஃபிரெடரிக் ஃபோகல் இத்துறைக்கு மருந்து மரபியல் என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

கேரோட்டின் கதை கொலஸ்ட்ராலைத் தொடுவது இதே சியாட்டிலில்தான். 1970-களின் தொடக்கத்தில் மோட்டுல்ஸ்கியிடம் பயில வந்த ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர், மாரடைப்பிலிருந்து பிழைத்த 500 பேரையும் அவர்களது குடும்பங்களையும் ஆராயும் பணியில் ஈடுபட்டார். அவர்களில் சிலரது குடும்பங்களில் மிகை கொலஸ்ட்ரால் பரம்பரையாக வருவது தெரிந்தது. பின்னர் டல்லஸில் மைக்கேல் பிரவுனுடன் சேர்ந்து அவர் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து பிடித்து உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இந்நோயாளிகளிடம் குறைவாக இருந்தன. சிலரிடம் அறவே இல்லை. இருவரும் 1985-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கேரோட்டின் பட்டியலில் மேலும் ஒரு பிறவிப் பிழை சேர்ந்தது. ஆனால் இது மிக அரிதானதன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இக்குறையைப் பெறுவோர் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் உள்ளனர்.

ஸ்டாட்டின் மருந்து ஒருவருக்கு வேலை செய்து மற்றவருக்குச் செய்யாததன் முதல் விளக்கமும் இங்கேதான் கிடைக்கிறது. இம்மருந்து, ஈரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நொதி ஒன்றைத் தடுக்கிறது. உள்ளே பற்றாக்குறை ஏற்பட்டதும் ஈரல் தன் மேற்பரப்பில் கூடுதல் ஏற்பிகளை நிறுத்தி, இரத்தத்திலுள்ள கொழுப்பை வாரி எடுத்துக்கொள்கிறது. ஆகவே, இரு பெற்றோரிடமிருந்தும் குறையைப் பெற்று, இயங்கும் ஏற்பியே இல்லாமல் பிறந்தவரிடம் இம்மருந்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அவர்களுக்கு அந்த ஏற்பியை நம்பியிராத வேறு மருந்துகள் வேண்டியிருக்கின்றன.

தசையில் தெரியும் வேறுபாடு

பயனைப் போலவே பக்கவிளைவிலும் மரபின் கை உண்டு. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து, தசைச் சிதைவால் 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தகவல் வந்த பின் 2001-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஒரு மருந்து வகை சிலரை மட்டும் ஏன் தாக்குகிறது என்ற கேள்வி அவசரமானது.

விடையின் ஒரு பகுதி, கேரோட் பேராசிரியராக இருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2008-இல் வந்தது. சிம்வாஸ்டாட்டின் மருந்தை நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் உட்கொண்டவர்களில் தசைநோய் கண்ட 85 பேரையும் காணாத 90 பேரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். மனித மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவியதில் ஒரே ஓர் இடம் தனித்து நின்றது. அது எஸ்.எல்.சி.ஓ.1பி1 என்ற மரபணு. இரத்தத்திலிருக்கும் ஸ்டாட்டினை ஈரலுக்குள் கொண்டுசேர்க்கும் வாயிலை உருவாக்குவது இதன் வேலை. வாயில் மந்தமாக இருந்தால் மருந்து ஈரலுக்குள் நுழையாமல் இரத்தத்தில் தேங்கித் தசைகளைச் சென்றடைகிறது. பாதையில் ஏற்படும் தேக்கம் என்று கேரோட் வரைந்த அதே படம்தான் இது.

மந்தமான வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களில், 80 மில்லிகிராம் உட்கொண்டால், ஐந்து ஆண்டுகளில் சுமார் 18 விழுக்காட்டினருக்குத் தசைநோய் வரக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. இயல்பான வடிவம் மட்டுமே உள்ளவர்களில் அது 0.6 விழுக்காடு. மொத்தத்தில் தசைநோயின் ஆபத்து கருதி, புதிய நோயாளிகளுக்கு அந்த 80 மில்லிகிராம் அளவைத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-இல் அறிவுறுத்தியது.

இதைப் படித்துவிட்டு, காலில் வலி என்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது ஆபத்தான முடிவு. பெரிய பரிசோதனைகள் பலவற்றை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியான ஆய்வு, ஸ்டாட்டின் உட்கொள்வோர் தெரிவிக்கும் தசை வலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அம்மருந்தால் ஏற்பட்டவை அல்ல என்று காட்டியது. மாரடைப்பைத் தடுப்பதில் இம்மருந்துகளின் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. சிலருக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். அந்த மாற்றத்தை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

ஆசியர் என்னும் பெட்டி

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் தமிழர்கள் இவ்விஷயத்தில் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர். ரோசுவாஸ்டாட்டின் என்ற மற்றொரு மருந்தை, ஒரே சூழலில் வாழும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்திய வம்சாவளியினர் ஆகியோருக்குச் சிங்கப்பூரில் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. வெள்ளையரின் இரத்தத்தில் சேர்ந்த மருந்தோடு ஒப்பிட்டால், சீனரிடம் அது ஏறத்தாழ 2.3 மடங்கும் மலாய்க்காரரிடம் 1.9 மடங்கும் இந்தியரிடம் 1.6 மடங்குமாக இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க நிர்வாகம், ஆசிய நோயாளிகளுக்கு 5 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் இம்மருந்தைத் தொடங்குவது பற்றி எண்ண வேண்டும் என்ற குறிப்பைச் சேர்த்தது.

எச்சரிக்கை என்ற முறையில் அது நியாயமானதே. ஆனால் ஜப்பானியரையும் யாழ்ப்பாணத்தாரையும் ஒரே சொல்லில் அடக்குவது எந்த அளவுக்கு அறிவியல்? இம்மருந்தை வெளியேற்றுவதில் பங்குள்ள ஏ.பி.சி.ஜி.2 என்ற மரபணுவின் மந்தமான வடிவம் கிழக்காசியரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. தெற்காசியரிடையே அது அந்த அளவுக்கு இல்லை. கிழக்காசியரிலும் அதைப் பெறாதவர்கள் ஏராளம். ஐரோப்பியரிலும் அதைப் பெற்றவர்கள் உண்டு. கேரோட் பேசியது தனி மனிதனின் வேதியியலைப் பற்றி. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒரு குழந்தையின் துணி கறுத்தது, மற்றொன்றினது கறுக்கவில்லை என்பதிலிருந்தே அவரது சிந்தனை தொடங்கியது.

மருந்து மரபியல் வல்லுநர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று, எஸ்.எல்.சி.ஓ.1பி1, ஏ.பி.சி.ஜி.2 உள்ளிட்ட மரபணுக்களின் அடிப்படையில் எந்த ஸ்டாட்டினை எந்த அளவில் கொடுக்கலாம் என்பதற்கான வழிகாட்டுதலை 2022-இல் வெளியிட்டது. மரபணு விவரம் ஏற்கெனவே கையில் உள்ள நோயாளிக்கு என்ன செய்யலாம் என்பதை அது கூறுகிறது. அத்தகைய விவரம் கையில் உள்ள நோயாளிகள் இன்னும் சிலரே. பெரும்பாலான நாடுகளில், ஸ்டாட்டின் எழுதிக்கொடுப்பதற்கு முன் இப்பரிசோதனையைச் செய்வது வழக்கமான நடைமுறையாகவில்லை.